மலை ரயில் தடங்களும் நடைபாதைகளும்

மலைப்பகுதியில் அமைக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட ரயில் பாதையிலிருந்து தண்டவாளத்தை நீக்கி, நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் பயன்படுத்தும் பொதுப் பாதையாக அதை மாற்றுவது, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல நாடுகளில் பரவிய வழக்கமாகும். இத்தகைய பாதையை ரயில் தட நடைபாதை எனலாம். அமெரிக்கா, நியூசிலாந்து, இங்கிலாந்து, ஸ்பெயின் ஆகிய நாடுகளில் இவ்வகைப் பாதைகள் புகழ்பெற்றவை. தமிழகத்திலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் கைவிடப்பட்ட மலை, மேட்டுநில ரயில் தடங்கள் சில உண்டு. பழைய சேலம் மாவட்டத்தின் இரண்டு குறும்பாதைகளும், மூணாறு குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றின் வரலாறு ஒரு செய்தியைத் தெளிவாகக் காட்டுகிறது. ரயில் நின்ற பிறகும் அதன் தடம் துண்டாகாமல் இருந்தால், அது நடைபாதையாகவும் பயன்படும். மீண்டும் ரயில் விடவும் பயன்படும். துண்டாகிவிட்டால் இரண்டுக்கும் பயன்படாது.

மலை ரயிலின் சரிவு

ரயில் தடம் நடைபாதைக்கு ஏன் பொருத்தமாக அமைகிறது என்பதை அறிய, சரிவு விகிதத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 30 மீட்டர் நீளம் செல்லும்போது பாதை 1 மீட்டர் உயர்ந்தால் அதன் சரிவு 30-க்கு 1 எனப்படும். இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் இடையே உராய்வு குறைவு. ஆகவே பேருந்து எளிதாக ஏறும் சரிவில் சாதாரண ரயில் வழுக்கிவிடும்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. சாலை 20 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த உயரத்தை ஏறிவிடுகிறது. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைச் சாலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்கு ரயில் பாதை அமைக்கப்பட்டதில்லை. ஆனால் கணக்குக்காக எடுத்துக்கொண்டால், 30-க்கு 1 என்ற சரிவில் ஒரு ரயில் சுமார் 1,200 மீட்டர் ஏறுவதற்கு 1,200 × 30 = 36,000 மீட்டர், அதாவது 36 கி.மீ. நீளமுள்ள பாதை வேண்டும். பற்சக்கர உதவியுடன் 12-க்கு 1 என்ற சரிவில் ஏறினால் 14.4 கி.மீ. போதும்.

ரயில் கொண்டை ஊசி வளைவில் திரும்பாது. எனவே பொறியாளர்கள் மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றித் தடம் வெட்டினர். பள்ளம் வந்த இடத்தில் மண் கரை எழுப்பினர். மேடு வந்த இடத்தில் பாறையை வெட்டினர். ஓடைகளுக்குப் பாலம் கட்டினர். வெட்ட முடியாத இடத்தில் சுரங்கம் குடைந்தனர். இதன் விளைவாகக் கிடைத்தது, மலையில் வேறெங்கும் இல்லாத மெல்லிய, சீரான ஏற்றம். முதியோரும் குழந்தைகளும் மூச்சு வாங்காமல் இதில் நடக்கலாம். சாதாரண உராய்வால் இயங்கிய ரயில்களின் தடத்தில் சக்கர நாற்காலியும் பெரும்பாலும் செல்லக்கூடும். ரயில் நிறுவனம் பெரும் பணம் செலவிட்டு வெட்டிய இந்தச் சரிவே, நடைபாதைக்குக் கிடைக்கும் பரம்பரைச் சொத்து.

மலை ரயில்களின் தோற்றம்

ஆஸ்திரியாவின் செம்மரிங் பாதை 1854-இல் திறக்கப்பட்டது. ஆல்ப்ஸ் மலையைச் சாதாரண ரயிலால் கடக்க முடியும் என்பதை அது காட்டியது. செங்குத்தான மலைகளுக்குப் பற்சக்கர முறை உருவானது. இதில் இரு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட மூன்றாவது இரும்புச் சட்டம் ஒன்று பதிக்கப்படும். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும். அமெரிக்காவின் வாஷிங்டன் மலையில் 1869-இலும், சுவிட்சர்லாந்தின் ரிகி மலையில் 1871-இலும் இம்முறை செயல்பாட்டுக்கு வந்தது.

இந்தியாவில் மும்பைக்கும் புணேவுக்கும் இடையிலான போர் கணவாய்ப் பாதை 1863-இல் திறக்கப்பட்டது. டார்ஜிலிங் மலை ரயில் 1881-இல் நிறைவுற்றது. பற்சக்கரம் இல்லாமல், சுற்று வளையங்களாலும் முன்னும் பின்னுமாக ஏறும் திருப்பங்களாலும் அது மலையேறுகிறது. கால்கா–சிம்லா பாதை 1903-இலும், மாதேரான் பாதை 1907-இலும் திறக்கப்பட்டன.

தமிழகத்தின் நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் ஓடத் தொடங்கி, 1908-இல் உதகமண்டலத்தை அடைந்தது. சுமார் 46 கி.மீ. நீளத்தில் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள் இதில் உள்ளன. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, சுமார் 12-க்கு 1 என்ற சரிவில், இரட்டைப் பற்சட்டம் கொண்ட ஆப்ட் முறையில் ரயில் ஏறுகிறது. டார்ஜிலிங் ரயிலை 1999-இலும், நீலகிரி ரயிலை 2005-இலும், கால்கா–சிம்லா ரயிலை 2008-இலும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

கைவிடப்பட்ட காரணங்கள்

மலை ரயில்கள் எல்லாமே நிலைக்கவில்லை. அவை மூடப்பட்டதற்கு முக்கியமாக நான்கு காரணங்கள் இருந்தன.

முதலாவது, சாலைப் போட்டி. 1920-களுக்குப் பிறகு பேருந்தும் லாரியும் மலையேறத் தொடங்கின. ஊருக்கு வெளியே உள்ள நிலையத்தில் ஏறி மெதுவாகச் செல்வதைவிட, வீட்டு வாசலருகே பேருந்து ஏறுவதை மக்கள் விரும்பினர்.

இரண்டாவது, இயற்கைச் சீற்றம். மழையும் மண்சரிவும் ஒரே இரவில் பாதையை அழித்துவிடும். வருவாய் குறைந்த பாதையை யாரும் மீண்டும் கட்டவில்லை.

மூன்றாவது, போர். இரண்டாம் உலகப் போரின்போது இரும்பு அரிதானது. வருவாய் குறைந்த கிளைப் பாதைகளின் தண்டவாளங்களைப் பெயர்த்துப் போர்த் தேவைகளுக்கு அனுப்பினர்.

நான்காவது, மாற்றுப் பாதை. நீண்ட சுரங்கம் ஒன்று குடையப்பட்டதும், அதுவரை மலையைச் சுற்றிச் சென்ற பழைய பாதை தேவையற்றதாயிற்று.

தடம் நடைபாதையாகும் முறை

தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது ஜல்லிப் படுகை. பெரிய ஜல்லியின் மேல் நடப்பது கடினம். எனவே மேல் ஜல்லியை அகற்றி, பொடி ஜல்லியும் கிராவல் மண்ணும் பரப்பி உருளை ஓட்டிச் சமன் செய்வர். பாலங்களில் கட்டைகளுக்கு இடையிலிருந்த இடைவெளியைப் பலகையால் மூடி, இருபுறமும் கைப்பிடி வைப்பர். நீர் வடியும் வாய்க்கால்களைத் தூர் வாருவது மிக முக்கியம். மலைத் தடத்தை முதலில் அழிப்பது மனிதர் அல்ல, வடிய வழியில்லாத மழைநீரே.

இந்தப் பொறியியல் வேலைகளைவிடக் கடினமானது நிலச் சிக்கல். ரயில் தடம் என்பது பல கிலோமீட்டர் நீளமும் சில மீட்டர் அகலமும் கொண்ட ஒரு நாடா. நடுவில் ஓரிடத்தில் யாரேனும் வேலி போட்டால் முழுப் பாதையும் பயனற்றுப்போகும். இதற்காக அமெரிக்கா 1983-இல் தன் தேசிய நடைபாதைச் சட்டத்தைத் திருத்தியது. அதன்படி, மூடப்படும் ரயில் தடத்தை ஒரு பொது அமைப்பு பொறுப்பேற்று நடைபாதையாக நடத்தலாம். எதிர்காலத்தில் ரயில் தேவைப்பட்டால் அதே தடத்தை மீட்டுக்கொள்ளலாம். இதைத் தடக் காப்பு எனலாம். வயலை விற்காமல் தரிசாகப் போட்டு வைப்பது போன்றது இது. பிறகு எப்போது வேண்டுமானாலும் உழலாம். இப்பணிக்கென ஒரு தன்னார்வ அமைப்பும் 1986-இல் அங்கு தொடங்கப்பட்டது. ஸ்பெயின் 1993 முதல் பசுமை வழிகள் என்ற பெயரில் கைவிடப்பட்ட தடங்களை நடைபாதைகளாக்கி வருகிறது.

பிற நாட்டு எடுத்துக்காட்டுகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள எல்ராய்–ஸ்பார்ட்டா பாதை, 1960-களில் உருவான தொடக்ககாலத் தட நடைபாதைகளுள் ஒன்று. சுமார் 51 கி.மீ. நீளமுள்ள இப்பாதையில் மூன்று சுரங்கங்கள் உள்ளன. கலிபோர்னியாவின் தமல்பைஸ் மலை ரயில் 1896 முதல் 1930 வரை ஓடியது. சுமார் 13 கி.மீ. நீளத்தில் அதற்கு 281 வளைவுகள் இருந்தன. சாலையாலும் காட்டுத்தீயாலும் நலிந்து மூடப்பட்ட அந்த ரயிலின் தடத்தில் இன்று நடப்போரும் மிதிவண்டியினரும் ஏறுகின்றனர்.

நியூசிலாந்தின் ரெமுடாகா ஏற்றப்பாதை 1878-இல் திறக்கப்பட்டது. மிகச் செங்குத்தான பகுதியில் அதன் சரிவு 15-க்கு 1. அங்கே நடுவில் உயர்ந்து நிற்கும் ஒரு தண்டவாளத்தை, படுக்கை வசமாக அமைந்த சக்கரங்கள் இருபுறமும் இறுகப் பிடித்து ஏறும் ஃபெல் முறை பயன்பட்டது. 1955-இல் மலையின் அடியில் சுமார் 8.8 கி.மீ. நீளச் சுரங்கம் திறக்கப்பட்டதும் பழைய பாதை மூடப்பட்டது. 1987-இல் அது நடைபாதையாகத் திறக்கப்பட்டது. உச்சியிலுள்ள பழைய சுரங்கத்தின் நீளம் 576 மீட்டர். இருட்டாக இருப்பதால் நடப்போர் கைவிளக்குடன் செல்கின்றனர்.

இங்கிலாந்தின் டெர்பிஷயர் குன்றுகளில் 1968-இல் மூடப்பட்ட ரயில் பாதை, 1981-இல் மான்சல் நடைபாதை ஆயிற்று. ஆனால் அதன் பெரிய சுரங்கங்கள் பாதுகாப்புக் காரணங்களுக்காக மூடியே இருந்தன. நடப்போர் குன்றைச் சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. 2011-இல் விளக்கு அமைத்துச் சுரங்கங்களைத் திறந்த பிறகே தடம் முழுமை பெற்றது. தடம் இருந்தும் தொடர்ச்சி இல்லாவிட்டால் பயன் குறையும் என்பதற்கு இது சான்று.

பழைய சேலம் மாவட்டத்தின் குறும்பாதைகள்

இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் நாமக்கல் மாவட்டமும் ஒரு காலத்தில் சேலம் மாவட்டத்தின் பகுதிகள். தர்மபுரி 1965-இலும், நாமக்கல் 1997-இலும் தனி மாவட்டங்களாயின. கிருஷ்ணகிரி 2004-இல் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. இன்று தனி மாவட்டமாக உள்ள திருப்பத்தூரும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே.

1876–78 ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் சேலம் ஒன்று. சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கடற்கரைக்குச் சென்ற பெரிய ரயில் பாதை 1860-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனால் அதன் நிலையங்களிலிருந்து உள்நாட்டு ஊர்களுக்குத் தானியத்தை மாட்டு வண்டியில்தான் கொண்டுசெல்ல முடியும். பஞ்ச காலத்தில் மாட்டுக்கே தீவனமில்லை. எனவே பஞ்சத் தடுப்பு நோக்கில் கிளைப் பாதைகள் அமைக்கும் கொள்கை உருவானது. அதன்படி அமைக்கப்பட்டவை இரண்டு பாதைகள்.

• திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதை, 1905. நீளம் சுமார் 41 கி.மீ.
• மொரப்பூர்–தர்மபுரி பாதை, 1906. நீளம் சுமார் 30 கி.மீ. இது 1913-இல் ஓசூர் வரை நீட்டிக்கப்பட்டது.

இரண்டும் 762 மில்லிமீட்டர் அகலமுள்ள குறும்பாதைகள். இன்றைய அகலப்பாதையின் அகலம் 1,676 மில்லிமீட்டர் என்பதை ஒப்பிட்டால், இவை அதன் பாதிக்கும் குறைவு என்பது விளங்கும். குறும்பாதையில் கூர்மையான வளைவுகளை அமைக்கலாம், கரையும் பாலமும் சிறிதாக இருந்தால் போதும், செலவு குறையும். ஓசூர் தர்மபுரியைவிட ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. பாராமகால் சமவெளியிலிருந்து ஓசூர் மேட்டுநிலத்துக்கு ஏறிய இந்த ரயில், நீலகிரி ரயில் போன்ற முழு மலை ரயில் அன்று. எனினும் குன்றுகளுக்கு இடையே ஏறிச் சென்ற மேட்டுநில ரயிலாக இருந்தது.

சாலைப் போக்குவரத்து வளர்ந்ததால் இப்பாதைகளின் வருவாய் குறைந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபின், 1940-களின் தொடக்கத்தில், தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. அப்போது தடத்தைக் காக்கும் எண்ணம் எங்கும் இல்லை. காலப்போக்கில் தடம் நிலப்பரப்போடு கலந்துவிட்டது. இவ்விரு தடங்களும் நடைபாதை ஆகவில்லை.

இதன் விளைவு இன்றும் உணரப்படுகிறது. சேலம்–பெங்களூரு ரயில் பாதை பின்னாளில் தர்மபுரி, ஓசூர் வழியாக வந்ததால் அவ்வூர்களுக்கு மீண்டும் ரயில் கிடைத்தது. கிருஷ்ணகிரி நகரம் மாவட்டத் தலைநகராக இருந்தும், ஒரு காலத்தில் ரயில் நிலையம் கொண்டிருந்தும், ரயில் இல்லாத நகரமாகவே தொடர்கிறது. மொரப்பூர்–தர்மபுரி இடையே அகலப்பாதை அமைக்க 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இதற்காக நிலத்தைப் புதிதாகக் கையகப்படுத்த வேண்டியுள்ளது. 1906-இல் ரயில் ஓடிய அதே இரு ஊர்களுக்கு இடையே, நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, நிலத்தை முதலிலிருந்து தேட வேண்டிய நிலை. அகலப்பாதைக்குக் கூடுதல் அகலமும் மென்மையான வளைவும் வேண்டும் என்பது உண்மை. ஆயினும் பழைய நாடா நிலம் பொதுச் சொத்தாகத் தொடர்ந்திருந்தால், அதை ஒட்டி விரிவாக்குவது எளிதாகியிருக்கும். இடைப்பட்ட காலத்தில் உழவரும் பள்ளிப் பிள்ளைகளும் நடக்கவும் மிதிவண்டியில் செல்லவும் ஒரு வழி இருந்திருக்கும்.

குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்

மூணாறு தேயிலைத் தோட்டங்களில் விளைந்த தேயிலையை வெளியே கொண்டுவர 1902-இல் ஒரு விந்தையான ரயில் அமைக்கப்பட்டது. அது ஒற்றைத் தண்டவாளம் கொண்டது. வண்டியின் ஒரு பக்கச் சக்கரம் தண்டவாளத்திலும் மறுபக்கப் பெரிய சக்கரம் தரையிலும் உருளும்; காளைகள் இழுத்துச் செல்லும். 1908-இல் அது 610 மில்லிமீட்டர் அகலக் குறும்பாதையாக மாற்றப்பட்டு, நீராவி எஞ்சின்கள் ஓடின. மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக மலை விளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷன் வரை பாதை சென்றது.

டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடம் மூலம் தமிழக மலையடிவாரத்திலுள்ள கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிநாயக்கனூருக்கு வண்டியிலும், பின்னர் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் சென்றன. தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பகுதிகளிலிருந்து மலையேறிச் சென்ற கூலித் தொழிலாளர்கள்.

1924 ஜூலையில் பெய்த பெருமழையில் மூணாறு வெள்ளக்காடாயிற்று. கேரளத்தில் கொல்லம் ஆண்டு 1099-ஐக் கொண்டு '99 வெள்ளம்' என்று இன்றும் அது நினைவுகூரப்படுகிறது. ரயில் பாதையும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. பாதை மீண்டும் கட்டப்படவில்லை. ரயில் போய் நூறு ஆண்டுகள் ஆன பின்னும் 'டாப் ஸ்டேஷன்' என்ற ஊர்ப்பெயர் நிலைத்துள்ளது. ரயிலையே பார்த்திராத சுற்றுலாப் பயணிகள் அப்பெயரைச் சொல்லி வழி கேட்கின்றனர்.

டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் மலைவழி நடப்போரிடையே பெயர்பெற்றது. ஆனால் அது ரயில் தடம் அன்று. ரயிலையும் அடிவாரத்தையும் இணைத்த இறக்கத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதை அது, செங்குத்தானது. ரயில் தட நடைபாதையின் மெல்லிய சரிவை அதில் எதிர்பார்க்க முடியாது.

பறம்பிக்குளம் டிராம்வே

கொச்சி அரசு தன் காட்டுத் தேக்கை வெளியே கொண்டுவர, சாலக்குடியிலிருந்து பறம்பிக்குளம் வரை சுமார் 80 கி.மீ. நீளத்தில் காட்டு டிராம்வே ஒன்றை 1907-இல் நிறைவு செய்தது. செங்குத்தான இடங்களில், இறங்கும் வண்டியின் எடையைக் கொண்டே ஏறும் வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் முறை பயன்பட்டது. கிணற்றில் கமலை இறைக்கும்போது மாடு சரிவில் இறங்க, சால் மேலேறுவதை நினைவுகூர்ந்தால் இம்முறை விளங்கும். தேக்கு குறைந்து நட்டம் பெருகியதால் 1963-இல் டிராம்வே மூடப்பட்டது. பறம்பிக்குளம் இன்று புலிகள் காப்பகம். இத்தகைய இடத்தில் திறந்த நடைபாதை அமைப்பது பொருத்தமன்று. வனத்துறை அனுமதியுடனும் வழிகாட்டியுடனும் மட்டுமே நடக்க இயலும். எல்லாப் பழைய தடமும் பொதுவழி ஆக வேண்டியதில்லை. காட்டு விலங்குகளின் வழியே அங்கு முதன்மையானது.

இலங்கை மலையகத்தில்

இலங்கையில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை 762 மில்லிமீட்டர் குறும்பாதை 1903–04 ஆண்டுகளில் திறக்கப்பட்டது. தேயிலைத் தோட்டங்களுக்காக அமைந்த இப்பாதை, சாலைப் போட்டியால் 1940-களில் மூடப்பட்டது. அண்மை ஆண்டுகளில் இலங்கை மலையகத்தில் பீக்கோ நடைபாதை உருவாகியுள்ளது. தோட்டங்களில் இருந்த பழைய வழிகளை இணைத்து, 300 கி.மீ.க்கு மேல், 22 பகுதிகளாக அது அமைந்துள்ளது. அது முழுவதும் ரயில் தடம் அன்று. ஆனால் உழைப்பாளர் நடந்த வழிகளைச் சிதறவிடாமல் ஒன்றாகக் கோத்தால் புதிய பயன் கிடைக்கும் என்பதைக் காட்டுகிறது.

சயாம் மரண ரயில்

தமிழர் வரலாற்றோடு பிரிக்க முடியாத இன்னொரு தடம் தாய்லாந்தில் உள்ளது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை 1942–43-இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு, மலைக்காடுகளை வெட்டி, சுமார் 415 கி.மீ. நீள ரயில் பாதை அமைத்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகளும், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்களும் அதில் பல்லாயிரக்கணக்கில் இறந்தனர். போருக்குப் பின் பாதையின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. நரக நெருப்புக் கணவாய் என்று பொருள்படும் பெயர் கொண்ட பாறை வெட்டை ஒட்டி, பழைய தடத்தின் ஒரு பகுதி நடைபாதையாக்கப்பட்டு, 1998-இல் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. இங்கு நடப்பது பொழுதுபோக்கு அன்று, அஞ்சலி. ஒரு தடத்தைக் காப்பது அதை வெட்டிய கைகளின் நினைவைக் காப்பதும் ஆகும்.

இயங்கும் பாதையில் நடக்கலாகாது

கைவிடப்பட்ட தடத்துக்கும் இயங்கும் பாதைக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் தெளிவாக அறிய வேண்டும். நீலகிரி மலை ரயில் போன்ற பாதைகளில் ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், பிரிவு 147, அனுமதியின்றி ரயில் பாதையில் நுழைவதைக் குற்றமாக்குகிறது. அதற்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கோவா எல்லையிலுள்ள தூத்சாகர் அருவிக்குத் தண்டவாளம் வழியே நடப்பதையும் ரயில்வே தடை செய்துள்ளது. சுரங்கத்துக்குள்ளோ பாலத்தின் மீதோ ரயில் வந்துவிட்டால் ஒதுங்க இடமிருக்காது.

மலை நடையும் ஒழுங்குமுறையும்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைப்பகுதியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றம் சென்ற குழுவினர் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் காய்ந்த புல்வெளியில் தீ மனிதரைவிட வேகமாக மேலேறும். இவ்விபத்துக்குப் பின் தமிழக அரசு 2018-இல் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 மலையேற்றப் பாதைகளைத் தேர்ந்து, இணையவழி முன்பதிவும் உள்ளூர் வழிகாட்டிகளும் கொண்ட திட்டம் தொடங்கப்பட்டது.

ரயில் தட நடைபாதை இதற்குத் துணைசெய்யக்கூடிய ஒன்று. அகலமான, சீரான சரிவுள்ள பாதையில் ஆபத்து நேரத்தில் விரைந்து வெளியேறலாம். மருத்துவ ஊர்தியும் உள்ளே வரலாம். ஜல்லிப் படுகை தீத்தடுப்புக் கோடாகவும் உதவும். செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் இவ்வசதிகள் இல்லை.

பழைய தடத்தை அடையாளம் காணுதல்

மாணவர்கள் தம் ஊர்ப்புறத்தில் பழைய ரயில் தடம் இருந்ததா என்று அறியச் சில அடையாளங்கள் உதவும்.

1. வயல்களுக்கு நடுவே நேராகவோ மெல்லிய வளைவாகவோ நீண்டு செல்லும் மண் கரை.
2. ஓடை நடுவே மேல்தளம் இல்லாமல் நிற்கும் கல் அல்லது செங்கல் தூண்கள்.
3. சிறு குன்றை நேராகப் பிளந்து செல்லும் வெட்டு.
4. 'ஸ்டேஷன் தெரு', 'பழைய ஸ்டேஷன்' போன்ற இடப்பெயர்கள்.
5. கிராம வரைபடத்திலும் நிலப் பதிவுகளிலும் நீண்ட, குறுகிய புல எண்கள்.
6. பழைய நில அளவைத் துறை வரைபடங்கள். இவற்றை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடலாம்.

தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியின்றியும், வனத்தில் வனத்துறை அனுமதியின்றியும் நுழையக் கூடாது. பாழடைந்த பாலத்தின் மீது ஏறக் கூடாது. ஊரின் முதியவர்களிடம் கேட்டு எழுதி வைப்பதே முதல் ஆவணம். குறும்பாதை ரயிலை நேரில் பார்த்த தலைமுறை விரைந்து மறைந்து வருகிறது.

கால வரிசை

• 1854 – செம்மரிங் மலைப்பாதை திறப்பு
• 1869 – வாஷிங்டன் மலைப் பற்சக்கர ரயில்
• 1881 – டார்ஜிலிங் மலை ரயில் நிறைவு
• 1899 – நீலகிரி மலை ரயில் குன்னூர் வரை
• 1902 – குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள ரயில்
• 1905 – திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி குறும்பாதை
• 1906 – மொரப்பூர்–தர்மபுரி குறும்பாதை
• 1913 – ஓசூர் வரை நீட்டிப்பு
• 1924 – வெள்ளத்தில் குண்டளை ரயில் அழிவு
• 1940-களின் தொடக்கம் – பழைய சேலம் மாவட்டக் குறும்பாதைகள் அகற்றம்
• 1963 – பறம்பிக்குளம் டிராம்வே மூடல்
• 1983 – அமெரிக்காவில் தடக் காப்புச் சட்டத் திருத்தம்
• 1987 – ரெமுடாகா நடைபாதை திறப்பு
• 2005 – நீலகிரி மலை ரயிலுக்கு யுனெஸ்கோ ஏற்பு
• 2019 – மொரப்பூர்–தர்மபுரி புதிய அகலப்பாதைக்கு அடிக்கல்